தரணிக்கு ஒரு பேய்க்கதை: குடும்பக் குழுவில் ஓர் இரவு

சுதா அக்கா: சித்தி, தரணி நூலகத்திலிருந்து 'கோரலைன்' எடுத்து வந்திருக்கிறாள். நீல் கெய்மன் எழுதியது. புரட்டிப் பார்த்தேன். அம்மா மாதிரியே ஒருத்தி, கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பொத்தான். பத்து வயசுக்கு இது சரியா?

சித்தி: தாராளமாகக் கொடு. 2002இல் அது வெளிவருவதற்கு முன்பே இந்தக் கேள்வி எழுந்தது. பிள்ளைகளுக்கு இவ்வளவு பயம் ஆகாது என்ற பேச்சு வந்தபோது, கெய்மனின் முகவர் தன் மகள்களிடமே அதைப் படித்துக்காட்டினார். அவர்கள் பயப்படவில்லை என்று தெரிந்ததும் புத்தகம் வந்தது. பல வருஷம் கழித்து அந்த மகள்களில் ஒருத்தி கெய்மனிடம் உண்மையைச் சொன்னாளாம். நடுங்கிப்போய்த்தான் இருந்தாள், வெளியே சொன்னால் நிறுத்திவிடுவார்கள், அடுத்து என்ன ஆச்சு என்று தெரியாமல் போய்விடும் என்று மறைத்தாளாம்.

மாமா: அப்போ குழந்தை பயந்துதானே இருக்கிறது?

சித்தி: பயந்தாள் அண்ணா, ஆனால் அடுத்த பக்கமும் வேண்டும் என்றாள். எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கு எழுதும் பேய்க்கதையில் எனக்கு அதுதான் அளவுகோல்.

நான்: சித்தி, நல்ல நேரத்தில் பேச்சு வந்தது. நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு லீவில் படித்துக்காட்ட ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கிராமத்து வீடு, பாழுங்கிணறு, வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம், கடைசியில் ரத்தம். ஏதோ குறைகிறது.

சித்தி: வெள்ளைச் சேலையையும் கொலுசையும் பிள்ளைகள் டிவியில் பார்த்துப் பார்த்துச் சிரித்துப் பழகிவிட்டார்கள்டா கார்த்தி. ரத்தம் அருவருப்பைத்தான் தரும், அது வேறு. அந்தப் பொத்தான் அம்மாவைப் பார். கத்தியைத் தூக்கவில்லை, கத்தவில்லை. ருசியாகச் சமைத்துப் போடுகிறாள், கோரலைனின் சொந்த அம்மாவுக்கு இல்லாத நேரமெல்லாம் இவளிடம் இருக்கிறது. "எப்போதும் எங்களோடு இருக்கலாம், ஒரே ஒரு சின்ன விஷயம்தான்" என்கிறாள். சமையலறை மேசையில் ஒரு பீங்கான் தட்டு. அதில் கறுப்பு நூல், நீள ஊசி, இரண்டு பெரிய பொத்தான். அவ்வளவுதான். தைக்கிற காட்சியே வராது, பிள்ளை மனதுக்குள் தைத்துப் பார்த்துக்கொள்ளும்.

சுதா அக்கா: படிக்கும்போதே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

சித்தி: உனக்குப் பிசையும் சுதா, நீ அம்மா. ஆபத்தில் ஒரு குழந்தை இருப்பது மட்டும்தான் நம் கண்ணில் படும். பிள்ளைகளுக்கு அது சாகசக் கதை, கோரலைன் அவர்கள் பக்கத்து ஆள். பெற்றோர் காணாமல் போனதும் பயத்தோடேயே அவள் பொத்தான் அம்மாவின் வீட்டுக்குப் போகும் கதவைத் திறந்து திரும்பப் போகிறாள். பெரியவர் யாரும் வந்து காப்பாற்றுவதில்லை.

மாமா: அந்தக் காலத்தில் இப்படிக் கதைகள் உண்டா?

சித்தி: இதைவிடக் கொடூரமாக உண்டு. 1882இல் லூசி கிளிஃபோர்ட் 'புதிய அம்மா' என்று ஒன்று எழுதினார். குறும்பு செய்தால் நான் போய்விடுவேன், கண்ணாடிக் கண்ணும் மர வாலும் உள்ள புது அம்மா வருவாள் என்று தாய் சொல்கிறாள். அப்படியே போயும் விடுகிறாள். வால் தரையில் இழுபடும் சத்தம் முதலில் வரும், ஆள் அப்புறம்தான். ஆனால் தரணிக்கு அதைக் கொடுக்க மாட்டேன். பிள்ளைகள் காட்டுக்கு ஓடுகிறார்கள், தாய் திரும்பவே இல்லை. செய்வதற்கு அவர்களுக்கு ஒன்றுமே மிச்சம் இல்லை.

நான்: படங்கள் போடலாமா சித்தி?

சித்தி: முழுசாக வரையாதே. ஆல்வின் ஷ்வார்ட்ஸ் நாட்டார் கதைகளைத் தொகுத்து 1981இல் போட்ட பேய்க்கதைப் புத்தகத்துக்கு ஸ்டீபன் கேமல் வரைந்தார். மை கசிந்து கரைந்த முகங்கள், எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. 1990களில் அமெரிக்க நூலகங்களில் அதிக எதிர்ப்பைச் சந்தித்தது அந்த வரிசைதான். பின்னால் பதிப்பகம் வேறு ஓவியரை வைத்துப் படங்களை மாற்றியபோது, சின்ன வயசில் படித்து வளர்ந்தவர்கள்தான் பழைய படம் வேண்டும் என்று சண்டை போட்டார்கள்.

மாமா: கார்த்தி கதைக்கு ஒரு வழி சொல்லும்மா.

சித்தி: கிணற்றை விடு. நம் ஆச்சி சொல்வார்களே, ராத்திரி யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தரம் கூப்பிட்ட பிறகுதான் பதில் கொடுக்க வேண்டும், பேய் மூன்று தரம் கூப்பிடாது என்று. அதை எடுத்துக்கொள். ஒரே ஒரு விதி, பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். முதல் நாள் அம்மா குரலில் ஒரு தரம். மறுநாள் இரண்டு தரம். அது எண்ணக் கற்றுக்கொள்கிறது என்பது அந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் புரிகிறது, பெரியவர்களிடம் சொன்னால் கனவு என்கிறார்கள்.

நான்: ஐயோ. மூன்றாவது நாள்?

சித்தி: மூன்றாவது நாள் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்பதுதான் உன் கதை. உண்மையான அம்மாவுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை அது கேட்கட்டும், குரல் பதில் சொல்லத் திணறட்டும். அந்த உருவத்தைக் காட்டவே காட்டாதே, எதனால் வந்தது என்று விளக்கவும் வேண்டாம். விளக்கினால் பயம் போய்விடும். நடுவில் ஒரு சிரிப்பு வை, பிள்ளைகள் மூச்சு விட வேண்டும்.

சுதா அக்கா: தரணி பேசும் பூனையைத் தாண்டிவிட்டாளாம். விளக்கை அணைக்கச் சொன்னால், இந்த அத்தியாயம் முடியட்டும்மா என்கிறாள்.

சித்தி: முடிக்கட்டும். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து படி. நாளைக்கு எந்த இடத்தில் பயந்தாள் என்று கேட்டு இங்கே போடு. கார்த்தி, ஞாயிற்றுக்கிழமைக்குள் முதல் இரண்டு பக்கத்தை அனுப்பு.