ஒழுங்கைக்குள் வந்த வெள்ளை லைற்

குழு: பிள்ளையார் கோயிலடி ஒழுங்கை

செவ்வாய், இரவு 9:52

சுகந்தி அக்கா: இப்போது ஒழுங்கைக்குள் வெள்ளை லைற்றோடு வந்த மோட்டார் சைக்கிள் யாருடையது? ஸ்கூட்டியோடு வேலிக்குள் போகப் பார்த்தேன். இன்னும் கண்ணுக்குள் ஒரு வட்டம் நிற்கிறது.

மணி மாமா: வீட்டுச் சுவரெல்லாம் வெளிச்சம். யாரோ லொறி திருப்புகிறார்கள் என்று எழும்பி வந்து பார்த்தேன்.

கவிதா: எங்கள் நாய் குரைக்கவே இல்லை. கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டது 😂

ரூபன்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

சுகந்தி அக்கா: நீக்க முதலே வாசித்துவிட்டேன். நீதானா ரூபன்?

ரூபன்: ஓம் அக்கா, குறை நினைக்காதேங்கோ. ஞாயிற்றுக்கிழமைதான் பூட்டினேன். ஹெட்லைற்றுக்கு எல்இடி பல்ப், கீழே இரண்டு ஸ்பொட் லைற். ஒழுங்கைக்குத் திரும்பும்போது நிற்பாட்ட மறந்துபோனேன்.

சுகந்தி அக்கா: மறந்தது சரி. இவ்வளவு வெளிச்சம் எதற்கு?

ரூபன்: எனக்குக் கிளிநொச்சியில் வேலை முடிய எட்டு மணியாகும். போன கிழமை ஆனையிறவு தாண்டி இயக்கச்சிக்குக் கிட்ட வருகிறேன், மழைத் தூறல். எதிரே ஒரு பஸ், டிம் அடிக்கவே இல்லை. அது கடந்த பிறகு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தபோது கறுப்பு மாடு ஒன்று பக்கத்தில் நிற்கிறது. அதன் வால் என் கையில் பட்டது அக்கா. உண்மையாக.

மணி மாமா: மாட்டைக் கட்டாமல் விடுகிறவனைக் கேட்க இந்த ஊரில் ஆளில்லை.

கவிதா: மாமா, அது வேறு ஊர் மாடு.

செல்வம் அண்ணை: இப்போதுதான் பார்த்தேன். தம்பி, பழைய ஹலோஜன் பல்ப் எப்போதும் மங்கலா, அல்லது ஹாண்டிலைத் திருப்பும்போது கூடிக் குறைந்ததா?

ரூபன்: திருப்பும்போது மினுங்கும் அண்ணை.

செல்வம் அண்ணை: அப்படியென்றால் பிழை பல்ப்பில் இல்லை. காலையில் கொண்டு வா. பழைய பல்ப்பையும் எடுத்து வா, எறிந்துவிடாதே.

புதன், காலை 10:26

செல்வம் அண்ணை: (படம்) எஞ்சின் ஓட, பற்றறி முனையில் 13.9 வோல்ற்.

செல்வம் அண்ணை: (படம்) பழைய பல்ப்பைத் திருப்பிப் போட்டு, லைற் எரிய, சொக்கற்றில் 11.6.

கவிதா: இரண்டு வோல்ற் பெரிய விஷயமா அண்ணை?

செல்வம் அண்ணை: ஹலோஜனுக்குப் பெரிய விஷயம். வோல்ற் 10 வீதம் விழுந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 வீதம் விழும். இவனுக்கு 16 வீதத்துக்கு மேல் விழுந்திருக்கிறது. 35 வாற் பல்ப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேலான வெளிச்சத்தில்தான் இவ்வளவு நாளும் ஓடியிருக்கிறான். வாகன இறக்குமதியை 2020 இல் நிற்பாட்டி 2025 இல் திரும்பத் திறக்கும்வரை இங்கே எல்லாரும் பழைய மோட்டார் சைக்கிளைத்தானே இழுத்துக்கொண்டு திரிந்தோம். வயரும் அந்த வயதுதான்.

செல்வம் அண்ணை: (படம்) சுவிச்சுக்குள் பாருங்கோ, பச்சைக் களிம்பு. தினமும் இரண்டு தரம் ஆனையிறவு உப்புக்காற்றைக் கடக்கிறவனுடைய சுவிச் வேறு எப்படி இருக்கும்?

ரூபன்: அப்போது நான் வாங்கியதெல்லாம் வீணா?

செல்வம் அண்ணை: ஸ்பொட் லைற் வீணில்லை. எல்இடி பல்ப்பைத்தான் கழற்றிவிட்டேன். உன் ஹெட்லைற்றுக்குள் வெளிச்சத்தைத் தெறிக்கவைக்கிற கிண்ணம் ஹலோஜன் பல்ப்பின் மெல்லிய இழைக்காகச் செய்தது. அந்தப் பல்ப்புக்குள் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்னத் தகட்டுக் கிண்ணம் இருக்கும், அதுதான் வெளிச்சத்தை மேலே போகாமல் மறிக்கிறது. எல்இடி சிப் ஒரு மில்லிமீற்றர் தள்ளி நின்றாலும் அந்த எல்லை கலைந்துவிடும். ரோட்டில் விழ வேண்டிய வெளிச்சம் சுகந்தியின் கண்ணில் விழுந்தது அதனால்தான்.

சுகந்தி அக்கா: இப்போது விளங்குகிறது. நைட் டியூட்டிக்குப் போகிற ஆளுக்குப் பத்து நிமிடம் கண் தெரியாவிட்டால் என்ன செய்வது?

மணி மாமா: எனக்குக் கண்ணில் வெண்படலம் எடுத்த பிறகும் எதிர் லைற் கூசுகிறது. இரவில் ஓட மஞ்சள் கண்ணாடி விற்கிறார்களே, போடலாமா?

சுகந்தி அக்கா: வேண்டாம் மாமா. அது கூச்சத்தோடு சேர்த்துத் தேவையான வெளிச்சத்தையும் குறைக்கும். நீங்கள் இரவில் ஓடாமல் இருப்பதுதான் நல்லது.

மணி மாமா: என் 100 சிசியும் நிற்கும்போது மங்கி, முறுக்கினால் பிரகாசிக்கிறது. அதுவும் களிம்போ?

செல்வம் அண்ணை: இல்லை மாமா, உங்களுடையது பழுதில்லை. அந்த வகையில் ஹெட்லைற்றுக்கு எஞ்சின் சுருளிலிருந்து நேரே ஏசி மின்சாரம் போகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் லைற்றும் மெதுவாகத்தான் எரியும்.

பிற்பகல் 1:15

சித்தப்பா (பாரிஸ்): ரூபன், இங்கே நல்ல ஹெட்லைற் முழுக் கூட்டோடு கிடைக்கும். அடுத்த மாதம் ஒருவர் வருகிறார், கொடுத்துவிடவா?

செல்வம் அண்ணை: வேண்டாம் அண்ணை. உங்களுக்கு வலப்பக்கம் ஓட்டம். அங்கத்தைய டிம் வலது ஓரத்தைத் தூக்கிக் காட்டும், இங்கே அது எதிரே வருகிறவனின் முகத்துக்கு நேரே. ஹலோஜன் பல்ப் அனுப்பலாம், கூடு வேண்டாம்.

சித்தப்பா (பாரிஸ்): அடடா, அதை யோசிக்கவில்லை. 1993 வரை இங்கே எல்லாக் காருக்கும் மஞ்சள் ஹெட்லைற்தான். நான் வந்த புதிதில் நகரமே மஞ்சளாக இருந்தது. மழைக்கு மஞ்சள்தானே நல்லது?

செல்வம் அண்ணை: மழையை ஊடுருவுகிறது என்பது சும்மா கதை அண்ணை, துளிகள் அதற்குப் பெரியவை. ஆனால் நீலம் கலந்த வெள்ளையில் கண் அதிகமாகக் கூசும், அது உண்மை. இவனுடைய ஸ்பொட் லைற்றில் மஞ்சளும் இருக்கிறது, தூறலுக்கு அதைப் போடட்டும்.

பிற்பகல் 3:40

செல்வம் அண்ணை: (படம்) வேலை முடிந்தது. பிரைட்டுக்கு ஒரு ரிலே, டிம்முக்கு ஒரு ரிலே. ரிலே என்றால் சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு நிற்பாட்டுகிற சுவிச். அதன் 30 ஆம் முனைக்குப் பற்றறியிலிருந்து பியூஸ் வழியாக வருகிறது, 87 பல்ப்புக்குப் போகிறது, 86 க்குப் பழைய சுவிச் வயர், 85 ஏர்த். இனிச் சுவிச் ரிலேயை மட்டும் இழுக்கும், பாரம் அதன் தலையில் இல்லை. இப்போது சொக்கற்றில் 13.5.

ரூபன்: ஸ்பொட் லைற்?

செல்வம் அண்ணை: பெட்டியில் ஒன்று 40 வாற் என்று கிடக்கிறது. இரண்டும் சேர்ந்தே 1.5 ஆம்பியர்தான் இழுக்கின்றன, அதாவது 20 வாற். பரவாயில்லை, உன் சைக்கிள் தாங்கும். அவற்றுக்கு மூன்றாவது ரிலே. அந்த ரிலேக்குச் சிக்னலைப் பிரைட் வயரில் இருந்து எடுத்திருக்கிறேன். பெருவிரலால் டிம் அடித்தால் மூன்றும் ஒன்றாக இறங்கும். இனி "மறந்துபோனேன்" கிடையாது. மினுங்குகிற மோட் ஒன்று இருந்தது, அந்த வயரை வெட்டிவிட்டேன்.

கவிதா: மினுங்குகிறது வடிவாக இருந்ததே 😭

சுகந்தி அக்கா: கவிதா!

மாலை 6:48

ரூபன்: (படம்) வாசிகசாலைச் சுவருக்கு முன்னால் நிற்கிறோம். சுவரிலிருந்து 5 மீற்றர். செல்வம் அண்ணை லைற்றின் நடு உயரத்தில் சோக்கால் ஒரு கோடு கீறி, அதற்கு 5 சென்ரிமீற்றர் கீழே இன்னொன்று கீறினார். டிம்மின் மேல் எல்லை கீழ்க்கோட்டில் வந்து நிற்க வேண்டுமாம்.

சித்தப்பா (பாரிஸ்): அவ்வளவு கீழேயா? தூரம் தெரியுமா?

செல்வம் அண்ணை: மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் இறக்கம் அண்ணை. லைற் 90 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால் 90 மீற்றரில் நிலத்தைத் தொடும். அறுபதில் ஓடுகிறவனுக்கு அது ஐந்து செக்கனுக்கு மேல். மாடு நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்று பார்க்கவே நேரம் இருக்கும்.

ரூபன்: முதலில் சைக்கிளை வெறுமனே நிறுத்திச் சரியாக்கினோம். பிறகு நான் ஏறி, கவிதாவையும் பின்னால் ஏற்றினோம். எல்லை மேல்கோட்டையும் தாண்டிப் போனது.

கவிதா: நான் ஒன்றும் அவ்வளவு பாரம் இல்லை!

செல்வம் அண்ணை: பின் ஷொக் அமிழ, முன்பக்கம் நிமிரும். யாரிலும் பிழையில்லை. இவன் கிழமைநாட்களில் தனியே ஓடுகிறவன், அதனால் அவன் மட்டும் ஏறி இருக்கவே முறுக்கியிருக்கிறேன். ஆள் ஏற்றினால் திரும்பக் கீழே இறக்கு, ஸ்க்ரூ எங்கே என்று காட்டினேன்தானே.

இரவு 9:31

சுகந்தி அக்கா: இப்போது எதிரே வந்தது நீயா ரூபன்? படலையடியில் டிம் அடித்தாய்.

ரூபன்: ஓம் அக்கா. தெரிந்ததா?

சுகந்தி அக்கா: உன் முகமே தெரிந்தது. ஹெல்மெற் பட்டி போடவில்லை, அதுவும் தெரிந்தது.

மணி மாமா: வாசிகசாலைச் சுவரில் சோக்குக் கோடு கீறியவர்கள் நாளை காலை அழியுங்கோ. போன மாதம்தான் வெள்ளை அடித்தோம், பின்னேரம் நிர்வாகக் கூட்டம் இருக்கிறது.

செல்வம் அண்ணை: மேல்கோட்டை அழிக்கிறேன் மாமா. கீழ்க்கோட்டை விடுங்கோ, உங்கள் 100 சிசியையும் கொண்டு வாங்கோ.