ரோகு குஞ்சுக்கு ஃபார்மலின் குளியல்: 20 நிமிஷத்தில் வாயைப் பிளக்கிறது, அளவு தப்பா?

வரப்போரம்:
ரோகு கெண்டையின் விரலளவுக் குஞ்சுகள். செவுளைக் கிள்ளி நுண்ணோக்கியில் பார்த்ததில் டாக்டைலோகைரஸ் என்ற செவுள் ஒட்டுண்ணிப் புழு. 500 லிட்டர் தொட்டி, தண்ணீர் 31 டிகிரி. 250 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு 250 பங்கு ஃபார்மலின்), ஒரு மணி நேரம் என்பது கணக்கு. அதற்கு 125 மில்லி. ஃபார்மலின் என்பது ஃபார்மால்டிஹைடு கரைந்த தண்ணீர்தானே, பாட்டிலில் 37% என்று இருப்பதால் 0.37-ஆல் வகுத்து 338 மில்லி ஊற்றினேன். 20 நிமிஷத்தில் எல்லாம் மேலே வந்துவிட்டன.

நீர்ப்பதம்:
முதலில் மீனை நல்ல தண்ணீருக்கு மாற்றுங்கள் சார், மற்றதை அப்புறம் படிக்கலாம்.

வகுத்ததுதான் தப்பு. பிபிஎம் அளவு, பாட்டிலில் உள்ளபடியே இருக்கும் ஃபார்மலினுக்கு. நீங்கள் ஊற்றியது 675 பிபிஎம்முக்கு மேல். 250 என்பதே உச்சவரம்பு. 31 டிகிரியில் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, மருந்தின் வேகமும் அதிகம், புழு கடித்த செவுள் வேறு. அதனால் 150-ஐத் தாண்ட வேண்டாம்: 500 லிட்டருக்கு 75 மில்லி. தொட்டியின் கொள்ளளவை நம்பாமல் நிற்கும் தண்ணீரை அளந்து பாருங்கள். மருந்தை ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி, சுற்றிலும் ஊற்றுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் அங்கே போகும் மீன் வெந்துபோகும். முந்தைய நாள் தீனி நிறுத்தம், காலை நேரம், ஏரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கணும்.

கெண்டைக்காரன்:
எல்லாவற்றையும் ஒரேயடியாக இறக்காதீர்கள். 50 லிட்டரில் 7.5 மில்லி, பத்துக் குஞ்சு, ஒரு மணி நேரம்; பிறகு ஒரு நாள் நல்ல தண்ணீரில் வைத்துப் பாருங்கள். பாட்டில் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பாராஃபார்மால்டிஹைடு, மீனுக்குக் கொடிய விஷம். வடிகட்டிப் பயன்படுத்தலாம் என்ற யோசனையே வேண்டாம். பெர்மாங்கனேட்டோடு சேர்க்கவே கூடாது. கையுறை, கண்ணாடி போட்டு, காற்றோட்டமான இடத்தில் நில்லுங்கள்.

வரப்போரம்:
மாற்றிவிட்டேன், பாதிக்கு மேல் தேறிவிட்டன. குளித்த தண்ணீரைக் குளத்தில் விடலாமா?

நீர்ப்பதம்:
கூடாது. 5 பிபிஎம் ஃபார்மலின், ஒன்றரை நாளுக்குள் சுமார் 1 பிபிஎம் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். பாசியும் சாகும், விடியற்காலையில் குளத்து மீனும் மூச்சுத் திணறும்.

கெண்டைக்காரன்:
இன்னொன்று: குளியல் முட்டையைக் கொல்லாது. இந்தச் சூட்டில் சில நாளிலேயே பொரிந்துவிடும். தேறிய குஞ்சுகளுக்கு ஒரு வாரம் கழித்து, செவுளை மறுபடி பார்த்து, புழு இருந்தால் மட்டும் இரண்டாவது குளியல். அதே நெருக்கத்தில் அதே குளத்தில் விட்டால் மூன்றாவதும் தேவைப்படும்.