சென்னையில் ஃப்ரீஸ் செய்த கருக்களை மதுரைக்கு மாற்றலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

மண்டபம் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மண்டபம், வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறார். இரண்டு வருடத்துக்கு முன் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஐவிஎஃப் செய்தோம். முதலில் வைத்தது நிற்கவில்லை, மீதி நான்கு கரு, நான்கும் ஐந்தாம் நாள் கரு, அங்கேயே ஃப்ரீஸ் செய்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ராத்திரி ரயில் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, பார்த்துவிட்டு அன்று ராத்திரியே திரும்பி வருவது, இனிமேல் என்னால் முடியாது, பணமும் இல்லை. மதுரை என்றால் காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு. அங்கே ஒரு டாக்டரைப் பார்த்தோம், கருவைக் கொண்டுவந்தால் இங்கேயே வைக்கலாம் என்றார்.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் அவர் கரையில் இருப்பார், அதற்குள் முடித்துவிட நினைக்கிறோம், இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. எப்படிக் கொண்டுவருவது, வழியில் ஏதாவது ஆகிவிடுமா? "நம்ம மீனு கேரளா வரைக்கும் ஐஸ் பெட்டியில போகலையா, அதே மாதிரி நீயே போய்த் தூக்கிட்டு வந்துடு" என்கிறார் என் அத்தை. சிரிப்பும் வருகிறது, பயமாகவும் இருக்கிறது.

தொண்டி தம்பி:

அக்கா, சாதா ஐஸ் தாங்காது, டிரை ஐஸ் வாங்கித் தெர்மாகோல் பெட்டியில் அடைத்துக் கொண்டுவரலாம். நாங்கள் இறால் சாம்பிள் அப்படித்தான் அனுப்புவோம்.

லேப் ஆள் பரமக்குடி:

தம்பி, தயவுசெய்து இப்படிச் சொல்லாதீர்கள். டிரை ஐஸ் −78 டிகிரிதான். கரு இருப்பது திரவ நைட்ரஜனில், −196 டிகிரியில். நான் ஒரு ஐவிஎஃப் லேபில் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது செய்யும் முறையில் கருவை மெதுவாக உறைய வைப்பதில்லை, ஒரே நொடியில் கண்ணாடி மாதிரி இறுக வைக்கிறார்கள், உள்ளே ஐஸ் படிகமே உருவாகாது. சூடு −130-ஐத் தாண்டி மேலே ஏறினால் அந்தக் கண்ணாடி இளகிப் படிகம் உருவாகத் தொடங்கும், அது செல்லைக் கிழித்துவிடும். மீன் என்றால் கண்ணையும் செவுளையும் பார்த்தே கெட்டதா இல்லையா என்று சொல்லிவிடலாம், கருவை லேபில் உருக்கிப் பார்க்கும் நாள் வரை வெளியில் ஒன்றும் தெரியாது.

கொண்டுவருவது டிரை ஷிப்பர் என்ற குடுவையில். சுவரில் இருக்கும் பஞ்சு மாதிரிப் பொருள் நைட்ரஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உள்ளே திரவம் தளும்பாது, ஆவியின் குளிர்ச்சியிலேயே கரு இருக்கும். முதல் நாளே நிரப்பி ஊறவிட்டு, எடை பார்த்து அனுப்புவார்கள். நல்ல குடுவை ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும், சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரே நாள். ரோடு குலுக்குகிறதே என்று கவலைப்படாதீர்கள், குடுவை சாயாமல் நிமிர்ந்து இருந்தால் போதும். ஆபத்து எல்லாம் நைட்ரஜன் தொட்டியிலிருந்து ஸ்ட்ராவை, அதாவது கரு இருக்கும் மெல்லிய குழாயை, எடுத்துக் குடுவையில் வைக்கிற அந்தச் சில விநாடிகளில்தான், ஏனென்றால் கரு இருக்கும் துளி அவ்வளவு சின்னது, வெளிக்காற்று பட்டால் சட்டென்று சூடேறிவிடும். அதனால் எந்தக் கூரியர் என்பதைவிட இரண்டு பக்கமும் எந்தக் கை வேலை செய்கிறது என்று கேளுங்கள். வழி முழுக்க வெப்பநிலையைப் பதிவுசெய்யும் டேட்டா லாகர் வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் சட்டம். 2021-ல் வந்த ஏஆர்டி (செயற்கைக் கருத்தரிப்பு) சட்டத்தின் 29-ஆம் பிரிவுப்படி கருவை விற்கவோ கைமாற்றவோ கூடாது. தம்பதியின் சொந்தக் கருவை அவர்களுடைய சொந்தத் தேவைக்கு மாற்ற மட்டும் தேசிய வாரியத்தின் அனுமதியோடு வழி இருக்கிறது. இரண்டு ஆஸ்பத்திரியும் பதிவு பெற்றவையா என்று பாருங்கள். அனுமதிக்கு யார் விண்ணப்பிப்பது என்று மதுரைக்காரர்களிடம் இன்றே கேளுங்கள், நாளாகும்.

கீழக்கரை லாத்தா:

எனக்கும் இதே கதைதான் தங்கச்சி, பெங்களூரிலிருந்து மதுரைக்கு மூன்று கரு. வண்டியில் வந்தது ஒரு நாள், பேப்பர் வர மூன்று மாதம்! இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரர் துபாயில், அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் போய்ச் சான்று வாங்கி அனுப்பினார், அதில் ஒரு பெயரில் எழுத்து தப்பு, திரும்பவும் முதலிலிருந்து. உங்களவர் கரையில் இருக்கும்போதே எல்லாத் தாளிலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆதாரில் இருப்பதும் ஆஸ்பத்திரி ஃபைலில் இருப்பதும் ஒரே எழுத்தா என்று பாருங்கள்.

பழைய இடத்தில் ஸ்டோரேஜ் பாக்கி இருந்தால் விடமாட்டார்கள். எங்களுக்கு அதைக் கட்டிய பிறகும் ஃபைலைத் தேடுகிறோம் என்று இழுத்தார்கள், போனில் பேசிப் பேசி ஓய்ந்து, கடைசியில் மெயிலில் எழுதிய பிறகுதான் அசைந்தார்கள். ஹெச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி டெஸ்ட் ரிப்போர்ட்டும் மதுரையில் கேட்டார்கள்.

லேப் ஆள் பரமக்குடி:

லாத்தா சொன்னதோடு இன்னொன்று. ஃப்ரீஸ் செய்த நாள், எத்தனையாம் நாள் கரு, கிரேடு, எந்த ஸ்ட்ராவில் எந்தக் கரு, உறைய வைத்தது எந்தக் கம்பெனியின் மருந்து கிட் என்று ஒரு தாள் இருக்கும், அதை வாங்காமல் கருவை அனுப்பாதீர்கள். உருக்கும் முறை கிட்டுக்குக் கிட்டு மாறும். மதுரை லேப் அந்தக் கிட்டில் பழகியதா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

உச்சிப்புளி டீச்சர்:

குறுக்கே பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமா? நான் மாற்றவில்லை. கர்ப்பப்பையின் லைனிங் பார்க்கும் ஸ்கேன் எல்லாம் ராமநாதபுரத்திலேயே எடுத்து, படத்தையும் அளவையும் வாட்ஸ்அப்பில் சென்னைக்கு அனுப்பினேன், மாத்திரையை அங்கிருந்தே கூட்டிக் குறைத்துச் சொன்னார்கள். கரு வைக்க மட்டும் ஒரே தடவை போய், இரண்டு நாள் தங்கித் திரும்பினேன். கருவைவிட நாம் பயணம் செய்வது சுலபம் இல்லையா? உங்கள் டாக்டர் ஒத்துக்கொள்கிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஆஸ்பத்திரி மேலேயே நம்பிக்கை போய்விட்டது என்றால் அது வேறு பேச்சு.

மண்டபம் மருமகள்:

டீச்சர், நம்பிக்கை போகவில்லை, தூரம்தான். இப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவுமில்லை. நாளைக்கே சென்னைக்குப் போன் போட்டு ஸ்கேன் இங்கே எடுத்தால் ஏற்பார்களா என்று கேட்கிறேன். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மதுரை, அதற்கு அந்தத் தாளையும் அனுமதி விவரத்தையும் இப்போதே மெயிலில் கேட்டு வைக்கிறேன், லாத்தா சொன்ன மாதிரி போனில் அல்ல. அவர் வியாழக்கிழமை கரை வருகிறார், ஆதாரை எடுத்து வைத்துவிட்டேன், அவர் பெயரில் ஒரு எழுத்து இடிக்கத்தான் செய்கிறது.

தொண்டி தம்பி, கோபமில்லை. அத்தையிடம் −196 என்றேன். "அந்த ஐஸ் நம்ம போட்டுக்குக் கிடைக்குமா?" என்கிறார்.