சீமென்ஸ் லோக்கல் பெரம்பூரில் செய்ததா?

மாட்டுங்கா தாத்தா:
அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் மும்பையின் தாதரில் முலுண்ட் செல்லும் ஸ்லோ லோக்கலில் ஏறியதும், "தாத்தா, இது சீமென்ஸ் ரேக்" என்று என் பேரன் அடித்துச் சொன்னான். (ஒன்றாகக் கோத்த பெட்டிகளின் தொடரை ரேக் என்பார்கள்.) ஆனால் பெட்டிக்குள் இருந்த தகட்டில் ஐ.சி.எஃப். (சென்னை பெரம்பூரில் உள்ள ரயில்பெட்டித் தொழிற்சாலை) என்று தெளிவாக எழுதியிருந்தது. வண்டியைச் செய்தது ஜெர்மானிய நிறுவனமா, நம் பெரம்பூரா? பழைய மஞ்சள்-பழுப்பு வண்டிகளிலிருந்து இது எவ்வகையில் வேறுபட்டது என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முலுண்ட் மின்பொறியாளர்:
ஐயா, இருவர் சொல்வதும் சரியே. பெட்டிகள் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் உருவானவை, அவற்றை ஓட்டும் மின்கருவிகள் சீமென்ஸ் அளித்தவை. இவ்வகை ரேக்குகள் மேற்கு ரயில்வேயில் 2007 நவம்பரில் ஓடத் தொடங்கின. தகட்டைப் படித்தவர் ஐ.சி.எஃப். என்பார், மோட்டாரின் ரீங்காரத்தைக் கேட்டவர் சீமென்ஸ் என்பார். உங்கள் பேரன் இரண்டாம் கட்சி.

இவற்றின் சிறப்பை அறிய மும்பையின் மின்பாதையை அறிய வேண்டும். 1925 பிப்ரவரி 3 அன்று, அப்போது விக்டோரியா டெர்மினஸ் எனப்பட்ட நிலையத்திலிருந்து குர்லாவுக்கு நாட்டின் முதல் மின்ரயில் ஓடியபோது, கம்பியில் பாய்ந்தது 1500 வோல்ட் நேர்த்திசை (டி.சி.) மின்சாரம். அழுத்தம் குறைவென்பதால், அதே திறனைப் பெற மிக அதிக மின்னோட்டம் தேவைப்பட்டது. வண்டிகள் நீண்டு, எண்ணிக்கையும் பெருகியபோது அம்முறை திணறியது. 25,000 வோல்ட் மாறுதிசை (ஏ.சி.) மின்சாரத்தில் அதே திறனுக்கு ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கு மின்னோட்டமே போதும் என்பதால் பாதையை மாற்ற முடிவாயிற்று. ஆனால் ஓடும் ரயில்களை நிறுத்திவிட்டு ஒரே இரவில் மாற்ற இயலாதே! எனவே இரு வகை மின்சாரத்திலும் ஓடும் வண்டிகள் வேண்டியிருந்தன. சீமென்ஸ் ரேக் அவ்வாறு ஓடக்கூடியது. மேற்கு ரயில்வேயில் 2012-லும், மத்திய ரயில்வேயின் முதன்மைப் பாதையில் 2015-லும், ஹார்பர் பாதையில் 2016-லும் மாற்றம் நிறைவுற்றது. அன்றுமுதல் அதன் இரட்டைத் திறமைக்கு வேலையில்லை. வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பழைய வண்டிகள் கிளம்பும்போது மின்தடைகளில் மின்சாரத்தை வெப்பமாக வீணடித்தன. இதிலோ மும்முனை (த்ரீ-ஃபேஸ்) மோட்டார்கள் உள்ளதால், சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுத்துத் தேய்ந்துபோகும் கரித்துண்டுகள் கிடையா. பிரேக் போடும்போது அம்மோட்டார்களே மின்னாக்கிகளாகி, கம்பிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தருகின்றன.

செம்பூர்க்காரர்:
மோட்டார் இருக்கட்டும். நின்றுகொண்டு பயணம் செய்பவனுக்குக் கூரையில் உள்ள காற்றோட்டக் கருவிதான் பெரிது. நெரிசல் வேளையில் சதுர மீட்டருக்குப் பதினான்கு முதல் பதினாறு பேர் நிற்கும் பெட்டியில், கதவருகே தவிர வேறெங்கும் மூச்சுவிட இயலாதிருந்தது. வெளிக்காற்றை இழுத்து உள்ளே செலுத்தும் அக்கருவி வந்தபின் நடுவில் அகப்பட்டவருக்கும் ஓரளவு காற்று கிடைக்கிறது. மழைக்காலத்தில் கண்ணாடிகளை மூடிவிட்டால் அதன் அருமை தெரியும்.

மாட்டுங்கா தாத்தா:
மிக்க நன்றி. இன்னொரு ஐயம். மாறுதிசை மின்சாரத்தையும் ஏ.சி. என்கிறார்கள், குளிர்சாதன வண்டியையும் ஏ.சி. லோக்கல் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

முலுண்ட் மின்பொறியாளர்:
இரண்டுக்கும் தொடர்பில்லை, ஐயா. மின்பாதை மாற்றம் முன்னரே முடிந்துவிட்டது. குளிர்சாதன லோக்கல் 2017 டிசம்பர் 25 அன்றுதான் போரிவலிக்கும் சர்ச்கேட்டுக்கும் இடையே முதன்முதலாக ஓடியது. அதுவும் பெரம்பூரில் உருவானதே. மத்திய ரயில்வேக்கென்று வந்த வண்டி அது. ஆனால் அங்குள்ள பழைய தாழ்வான பாலங்களுக்கு அதன் உயரம் ஒத்துவராததால் மேற்கு ரயில்வேக்கு அனுப்பிவிட்டார்கள். பின்னர் மின்கருவிகளைப் பெட்டிக்கு அடியில் அமைத்துச் செய்த வண்டிகளையே மத்திய ரயில்வேயில் 2020 ஜனவரியில் தாணே–பன்வேல் தடத்தில் விட்டார்கள்.