குடியரசுக்கு உழைத்த மாக்கியவெல்லி இளவரசனுக்கு ஏன் புத்தகம் எழுதினார்?

கேள்வி:
மாக்கியவெல்லியின் 'இளவரசன்' இப்போதுதான் படித்து முடித்தேன். 26 அத்தியாயம் கொண்ட சின்னப் புத்தகம், ஆனால் மண்டையைக் குடைகிறது. மாக்கியவெல்லி 1498 முதல் 1512 வரை இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரக் குடியரசின் செயலராக இருந்தவர். முன்பு அந்நகரை ஆட்டிவைத்த மெடிசி குடும்பம் திரும்பி வந்ததும் வேலையைப் பறித்தார்கள், 1513-இல் சதியில் பங்கு என்று சந்தேகப்பட்டுச் சிறையில் அடைத்து, கைகளைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். அதே வருடம் அதே குடும்பத்துக்கு ஆட்சியைத் தக்கவைப்பது எப்படி என்று பாடம் எடுக்கிறார்! இது பயமா, பிழைப்பா, இல்லை உள்குத்தா? மெடிசிகளைக் கவிழ்க்க வைத்த பொறி என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள்.

பதில் 1:
பிழைப்புதான், அவரே அதை மறைக்கவில்லை. 1513 டிசம்பரில் நண்பர் வெட்டோரிக்கு எழுதிய கடிதத்தைப் படியுங்கள். பகலில் சத்திரத்தில் சூதாட்டம், சில்லறைக் காசுக்குக் கூச்சல் போட்டுச் சண்டை. இரவானதும் சேறு படிந்த உடையைக் கழற்றிவிட்டு, அரசவைக்குப் போகிறவர் மாதிரி உடுத்திக்கொண்டு பழைய நூல்களோடு நாலு மணி நேரம். அதே கடிதத்தில், மெடிசிகள் ஒரு கல்லை உருட்டுகிற வேலை கொடுத்தாலும் சரி என்கிறார். பொறி வைக்கிறவன் இப்படிக் கெஞ்சுவானா?

பதில் 2:
பிழைப்புக்காக எழுதினார் என்பது சரி, ஆனால் என்ன எழுதினார் என்று பாருங்கள். 7-ஆம் அத்தியாயத்தில் ரெமிரோ என்ற அதிகாரி வருகிறான் அல்லவா? இத்தாலியின் ரொமாஞா பகுதியை அடக்க, அதைக் கைப்பற்றிய படைத்தலைவர் சேசரே போர்ஜா அவனை முழு அதிகாரத்தோடு அனுப்புகிறார், அவனும் கொடுமை செய்து அடக்கிவிடுகிறான், அப்புறம் மக்களின் வெறுப்பு தன்மேல் திரும்பக்கூடாது என்பதற்காக போர்ஜா அவனையே இரண்டு துண்டாக வெட்டி, பக்கத்தில் ஒரு மரக்கட்டையும் ரத்தக் கத்தியுமாக செசெனா ஊரின் சதுக்கத்தில் போட்டுவைக்கிறார். 1502 டிசம்பர் அது. மாக்கியவெல்லி அப்போது தூதராக அதே ஊரில் இருந்தார். எல்லோரும் அந்தக் கொடூரத்தையே பேசுகிறார்கள், எனக்கு முக்கியமாகப் படுவது போர்ஜாவின் பயம். அவ்வளவு பெரிய ஆளே மக்களின் வெறுப்புக்கு அஞ்சுகிறார். புத்தகம் முழுக்க இதுதான் ஓடுகிறது: பயம் இருக்கலாம், வெறுப்பு வரக்கூடாது, குடிமக்களின் சொத்தில் கை வைக்காதே, மக்கள் வெறுத்தால் எந்தக் கோட்டையும் உன்னைக் காப்பாற்றாது. 9-ஆம் அத்தியாயத்தில் இன்னும் வெளிப்படை: பிரபுக்கள் ஒடுக்கப் பார்க்கிறார்கள், மக்கள் ஒடுக்கப்படாமல் இருந்தால் போதும் என்கிறார்கள், அதனால் மக்கள் பக்கம் சாய்ந்து நில். குடியரசுக்காரர் எங்கேயும் போய்விடவில்லை, ஆளைப் பார்த்துப் பேச்சை மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

பதில் 3:
ரொம்பவும் வெள்ளையடிக்காதீர்கள். கொடுமையை ஒரே மூச்சில் செய்து முடித்துவிடு, பிறகு தொடராதே என்று 8-ஆம் அத்தியாயம் சொல்கிறது. இதுதான் கடைசி அடி என்று எந்த ஆட்சியாளனுக்குத் தெரியும்? அடுத்த எதிரி வந்தால் அடுத்த 'ஒரே மூச்சு' வந்துவிடுமே. அவர் கொண்டாடிய போர்ஜாவே 1503-இல் அப்பா, அதாவது போப் ஆறாம் அலெக்சாண்டர், செத்ததும் கொஞ்ச நாளில் சரிந்துவிட்டார். கூலிப்படை வேண்டாம், சொந்தக் குடிமக்களின் படை வேண்டும் என்று மாக்கியவெல்லி முன்நின்று உருவாக்கிய படையும் 1512-இல் ஃபிளாரன்ஸுக்குப் பக்கத்து ஊரான பிராட்டோவில் ஸ்பானிய வீரர்களைக் கண்டதும் சிதறி ஓடியது. ஊர் சூறையாடப்பட்டது. காகிதத்தில் கெட்டிக்காரத்தனமாக இருப்பதெல்லாம் களத்தில் நிற்பதில்லை.

கேள்வி கேட்டவர்:
பொறி என்ற கதையை விட்டுவிடுகிறேன். அந்தக் கெஞ்சலுக்கு வேலை கிடைத்ததா? அப்புறம், மக்கள் பக்கம் நில் என்பதை வேறெங்காவது விரித்து எழுதியிருக்கிறாரா?

பதில் 2:
உடனே கிடைக்கவில்லை. 1520-இல்தான் ஃபிளாரன்ஸின் வரலாற்றை எழுதும் பணியை கார்டினல் ஜூலியோ தெ மெடிசி வாங்கிக் கொடுத்தார். உங்கள் இரண்டாவது கேள்விக்கு, பழைய ரோம வரலாற்றாசிரியர் லிவியின் வரலாற்றை வைத்து அவர் எழுதிய 'சிந்தனைகள்' நூலின் முதல் பாகத்துக்குப் போங்கள். பிரபுக்களும் எளிய மக்களும் போட்ட சண்டைதான் ரோமைச் சுதந்திரமாக வைத்தது என்கிறார் 4-ஆம் அத்தியாயத்தில். 58-இல், சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மக்கள் கூட்டம் ஒரு இளவரசனைவிட விவேகமானது என்று வாதிடுகிறார். மூன்று பாகமும் தடிமன்தான், இந்த இரண்டையும் முதலில் படித்துவிட்டு வாருங்கள், மிச்சத்தைப் பிறகு பேசலாம்.