மக்காச்சோளக் கஞ்சி பசை மாதிரி ஆயிடுச்சு. மாவு தப்பா, அளவு தப்பா?

கோவை மகன்:
அம்மாவுக்கு 68 வயசு. போன வாரம் பல் நாலு எடுத்தாச்சு, சோறு மெல்ல முடியல. "பள்ளிக்கூடத்துல மதியம் மஞ்சளா ஒரு ரவை போடுவாங்க, மக்காச்சோள ரவை. அதைக் கஞ்சியாக் காய்ச்சிக் குடுடா"ன்னாங்க. கடையில கார்ன் ஃப்ளோர் பாக்கெட் வாங்கி, கொதிக்கிற தண்ணியில நாலு ஸ்பூன் போட்டேன். ஒரே நிமிஷத்துல போஸ்டர் ஒட்டுற பசையா இறுகிருச்சு. நடுவுல வெள்ளை வெள்ளையா கட்டி. அம்மா ஒரு வாய் வச்சுட்டு, ஒண்ணும் சொல்லாம டம்ளரைக் கீழ வச்சாங்க. எங்க தப்பு பண்ணினேன்?

மளிகைக்காரர்:
நம்ம ஊர்ல கார்ன் ஃப்ளோர்னா முழு மக்காச்சோள மாவு இல்ல சார், அதுல இருந்து எடுத்த வெறும் ஸ்டார்ச். சூப்பு கெட்டியாக்க, மஞ்சூரியன் பொரிக்க வாங்குவாங்க. மக்காச்சோள ரவைன்னு கேளுங்க, மஞ்சளா இருக்கும்.

துறையூர் அக்கா:
தம்பி, எங்களுக்கு ரெண்டு ஏக்கர் மக்காச்சோளம். புரட்டாசியில போட்டு தையில ஒடிக்கிறோம். பூரா நாமக்கல்லுக்குக் கோழித் தீவனமாப் போயிடுது. வீட்டுக்குன்னு ஒரு மூட்டை மட்டும் நல்லா காயவச்சு எடுத்து வைப்பேன். நீயும் முழுச்சோளம் வாங்கி மில்லுல உடைச்சுக்கலாம். கறுப்புப் பூஞ்சை பிடிச்சதைத் தொடாதே. விதைச்சோளம் வேண்டவே வேண்டாம், அதுல மருந்து தடவியிருப்பாங்க.

உடைச்சதை முறத்துல புடைச்சுத் தோலை ஊதிட்டு, சல்லடையில சலி. மேல நிக்கிறது ரவை, கீழ விழுறது மாவு. ஒரு டம்ளர் ரவையை ரெண்டு மணி நேரம் ஊற வை. அஞ்சு டம்ளர் தண்ணி கொதிச்சதும் ரவையைப் போட்டு, தீயைக் குறைச்சு இருபது நிமிஷம் விடு. அடிபிடிக்கும், பக்கத்துலயே நின்னு கிண்டணும். அப்புறம் ரெண்டு கரண்டி மாவைப் பச்சைத் தண்ணியில கரைச்சு ஊத்து. காய்ஞ்ச மாவை நேரா வெந்நீர்ல கொட்டினா மேல்பக்கம் வெந்து மூடிக்கும், உள்ள மாவு அப்படியே நிக்கும். உன் கட்டி அதுதான். இன்னும் பத்து நிமிஷம் கிண்டு. கொப்புளிச்சுத் தெறிக்கும், கை பத்திரம். கையை நனைச்சுத் தொட்டுப் பாரு, ஒட்டலைன்னா வெந்துடுச்சு.

ஆறினா இறுகும், அதனால தளரவே இறக்கு. அம்மாவுக்குக் காரம் வேண்டாம், உப்பும் மோரும் போதும். பல் எடுத்த புண் ஆறுற வரைக்கும் சூடா குடுக்காதே, வெதுவெதுப்பா குடு.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
உங்கம்மா சொல்றது கேர் (CARE)ங்கிற உதவி அமைப்பு மூலமா அமெரிக்காவிலிருந்து வந்த ரவை. 1956ல காமராஜர் கொண்டுவந்த மதிய உணவுக்கு, அறுபதுகள்ல மூட்டை மூட்டையா வந்துச்சு. எங்க பள்ளியில ஆயாம்மா உப்புமாவாக் கிண்டுவாங்க. தட்டு இல்லாத பிள்ளைங்க தேக்கு இலையில வாங்கித் தின்னோம். கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டுக் கொடுங்க, அந்த வாசனை வரும்.

கோவை மகன்:
அக்கா சொன்ன மாதிரியே காய்ச்சினேன். அரை மணி நேரம் அடுப்படியிலயே நின்னேன். ஐயா, நல்லெண்ணெயும் விட்டேன். அம்மா முதல்ல மோந்து பாத்தாங்க, அப்புறம் ரெண்டு டம்ளர் குடிச்சாங்க. மிச்சம் காலையில அல்வா மாதிரி உறைஞ்சு கெடக்கு. கொட்டிடவா?

துறையூர் அக்கா:
ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்தியா? அப்போ கொட்டாதே. துண்டு போட்டு தோசைக்கல்லுல எண்ணெய் விட்டுச் சிவக்க எடு. அது உனக்கு. அம்மாவுக்குப் புதுசாக் காய்ச்சு.