ரத்தம் எடுப்பதே வேலை, ரத்தத்தைக் கண்டால் மயக்கம்

ஆய்வகத்தில் ரத்த மாதிரி எடுக்கும் பணியில் இருப்பவள் நான் என்பதால், இந்தப் பயத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று வெகுகாலம் மறைத்தே வைத்திருந்தேன். காலையில் வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு ஒவ்வொருவராக ஊசி ஏற்றும்போது, குழாய்க்குள் ரத்தம் சீறி வரும் அந்த நொடியில் எனக்கு உள்ளங்கை வியர்த்து, காது அடைத்து, கண் இருட்டிக்கொண்டு வரும்.

“சாப்பிடாம வந்திருப்ப” என்பார் மூத்த செவிலியர். மூச்சை மெதுவாக இழுத்துவிட்டு உடலைத் தளர்த்திக்கொள்ளச் சொன்னவர்களும் உண்டு. நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் இந்த ஒரு பயத்துக்கு அது நேர் எதிரான வைத்தியம் என்பதை மனநல மருத்துவர் ஒருவர் விளக்கிய பிறகே அறிந்தேன். லிஃப்டுக்கோ மேடைக்கோ அஞ்சுபவர்களுக்கு இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறியே இருப்பதால், விழுந்துவிடுவோம் என்று தோன்றினாலும் அவர்கள் மயங்கி விழுவது அரிது. ரத்தத்துக்கு அஞ்சுபவர்களுக்கோ இரண்டும் முதலில் சற்று ஏறி, பிறகு சட்டென்று சரிந்து, மூளைக்குச் செல்லும் ரத்தம் குறைந்துவிடுகிறது. ஏற்கெனவே சரியும் அழுத்தத்தை, உடலைத் தளர்த்தி மேலும் இறக்குவானேன்? இது குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியதும்கூட. என் அப்பா கோழி அறுக்கும் இடத்தில் நிற்கவே மாட்டார்.

சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1987-இல் சக ஆய்வாளருடன் வெளியிட்ட, அழுத்தம் சரியாமல் தடுக்கும் முறையைத்தான் மருத்துவர் கற்றுத்தந்தார். கை, மார்பு, கால் தசைகளை முகத்தில் சூடு பரவும் வரை 10 முதல் 15 விநாடி இறுக்கிப் பிடித்து, முற்றிலும் தொய்ந்துபோகாமல் இயல்பு நிலைக்கு விட்டு, அரை நிமிடம் பொறுத்து மறுபடியும் இறுக்க வேண்டும். இப்படி 5 முறை. என் வேலையிலோ ஊசி பிடிக்கும் கையை இறுக்க முடியாது. விரல் விறைத்தால் ஊசி ரத்தக்குழாயின் மறுபக்கம் துளைத்துவிடும். ஆகவே நோயாளியின் கையில் டூர்னிகே என்ற இறுக்குப் பட்டையைக் கட்டும்போதே தொடையையும் வயிற்றையும் இறுக்கிக்கொள்கிறேன். மேசைக்குக் கீழே நடப்பது யாருக்கும் தெரிவதில்லை.

வாட்டசாட்டமான ஆட்களின் முகம் வெளுப்பது இப்போது முன்கூட்டியே என் கண்ணில் படுகிறது. “தலைய திருப்பிக்கோங்கண்ணே” என்பதோடு நிறுத்தாமல் காலை இறுக்கவும் சொல்லித்தருகிறேன்; முன்பு மயங்கியவர் என்றால் படுக்க வைத்தே எடுக்கிறேன். ரத்தத்தில் ஆக்சிஜன், கரியமில வாயு அளவைப் பார்க்கும் ஏ.பி.ஜி. பரிசோதனைக்காக மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுக்கும்போது உதவிக்கு நிற்பதுதான் இன்னமும் எனக்குக் கலக்கமாக இருக்கிறது. அங்கே ரத்தம் துடித்துத் துடித்துத் தானாகவே சிரிஞ்சுக்குள் ஏறும். அதற்கு அழைத்தால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். மருத்துவர்களும் இதுவரை ஏன் என்று கேட்டதில்லை.